கரண்ட் குறைவாக இழுக்கும் கிராபிக்ஸ் கார்டு: தென்னாப்பிரிக்காவில் முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு

புது கார்டு என்றால் கரண்ட் குறைவாகத்தான் இழுக்கும் என்ற நினைப்போடு கடைக்குப் போகாதீர்கள். சில தலைமுறைகளில் அது சரி. சிலவற்றில் பெயரில் எண் ஏறியதோடு வாட்டும் சேர்ந்தே ஏறியிருக்கும், கூடிய வேகத்தில் பெரும்பகுதி அந்தக் கூடுதல் வாட்டிலிருந்தே வந்திருக்கும். எது எப்படி என்று பெட்டியில் யாரும் அச்சடிப்பதில்லை, நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், லெனேசியா என்று எங்கே இருந்தாலும் நம் ஆட்கள் வீட்டு நிலவரம் பெரும்பாலும் ஒன்றுதான்: ப்ரீபெய்ட் மீட்டர், லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) காலத்தில் வாங்கிப்போட்ட, பேட்டரியோடு சக்கரத்தில் நகரும் ஒரு டிராலி இன்வெர்ட்டர், அதன் மேல் ஃபைபர் ரௌட்டர், நாலு விளக்கு, டிவி, பையனின் கம்ப்யூட்டர். 2023-ல் லோட் ஷெடிங் படுத்திய பாடு உங்களுக்கே தெரியும். 2024 மார்ச் கடைசியில் பெரும்பாலும் நின்றது, 2025 தொடக்கத்தில் சில நாள் மறுபடி தலைகாட்டியது. அது இல்லாவிட்டாலும் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறு, சில ஏரியாக்களில் லோடு அதிகமான நேரத்தில் கரண்டை நிறுத்தும் லோட் ரிடக்‌ஷன் என்று கரண்ட் போகத்தான் செய்கிறது. இந்த வீட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

எதற்காக வாட்டைக் குறைக்கிறீர்கள்?

முதலில் இதற்குப் பதில் வேண்டும், ஏனென்றால் பலர் "பில் குறையும்" என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய கார்டைவிடப் புதியது 100 வாட் குறைவாக இழுக்கிறது, தினமும் மூன்று மணி நேரம் கேம் ஓடுகிறது என்றால் ஒரு நாளைக்கு 0.3 யூனிட், வருடத்துக்கு 110 யூனிட் மிச்சம். யூனிட் 3 ரேண்ட் என்று வைத்தால் வருடத்துக்கு 330 ரேண்ட். உங்கள் சரியான விலையை டோக்கன் ரசீதில் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், நகராட்சிக் கட்டணம் ஒவ்வொரு ஜூலை 1-ம் தேதியும் மாறும். எப்படிப் போட்டாலும் பல ஆயிரம் ரேண்ட் கொடுத்து வாங்கும் கார்டின் விலையை இந்த மிச்சம் அடைக்க எத்தனையோ வருடம் ஆகும். பில்லுக்காக மட்டும் என்றால் கார்டை மாற்றாதீர்கள். இருக்கிற கார்டிலேயே வாட்டைக் குறைக்க வழி இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன், காசு செலவில்லை.

உண்மையான லாபம் வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று இன்வெர்ட்டர். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பெயருக்கு 1,200 வாட்-மணி இருக்கும், ஆனால் பேட்டரி சீக்கிரம் சாகாமல் இருக்கப் பாதியைத்தான் எடுக்கலாம், அப்புறம் இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும், ஆக கையில் நிற்பது 540 வாட்-மணி போல. கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 480 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம் தாண்டுவதே கஷ்டம், இவ்வளவு லோடில் லெட் ஆசிட் பேட்டரி இன்னும் குறைவாகவே கொடுக்கும். 230 வாட் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும், அதாவது ஒரு லோட் ஷெடிங் சுற்றை ஏறக்குறைய முழுசாகத் தாண்டிவிடலாம். இந்த வித்தியாசம் பெரும்பாலும் கார்டில்தான் இருக்கிறது.

இன்னொன்று சூடு. கார்டு இழுக்கும் அத்தனை வாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது, ஒன்றுகூட வேறெங்கும் போவதில்லை. டர்பன் பிப்ரவரிப் புழுக்கத்தில் கதவைச் சாத்திய சின்ன அறையில் 320 வாட் கார்டு ஓடுவது சின்ன ரூம் ஹீட்டரைக் குறைத்து வைத்துவிட்டு ஏசியையும் போடுவது மாதிரி.

இருப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள்

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் கார்டின் பெயர் தெரியும். பெயரை முழுசாக எழுதிக்கொள்ளுங்கள், டிஐ, சூப்பர், எக்ஸ்டி, எத்தனை ஜிபி எல்லாம் சேர்த்து. பிறகு கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி பவர் சப்ளையின் ஸ்டிக்கரைப் பாருங்கள், மொத்த வாட், 12 வோல்ட் லைனில் எவ்வளவு, கார்டுக்குப் போகும் வயர் 6 பின்னா 8 பின்னா, எத்தனை. மதர்போர்டில் இருக்கும் நீளமான ஸ்லாட் மட்டும் 75 வாட் வரை கொடுக்கும், 6 பின் வயர் இன்னொரு 75, 8 பின் வயர் 150. இந்த மூன்று எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சுவரில் எவ்வளவு இழுக்கிறது என்று அளக்க ஒரு ப்ளக்-இன் வாட் மீட்டர் வாங்குங்கள், விலை அதிகம் இல்லை. வாங்கும்போது முள்ளைக் கவனியுங்கள். இங்குள்ள பெரிய மூன்று முள் ப்ளக், இந்தியாவில் ஏசிக்கும் கீசருக்கும் போடுகிற 15 ஆம்பியர் ப்ளக் வகைதான், ஆனால் ஆன்லைனில் வரும் மீட்டர்களில் பல ஐரோப்பிய முள்ளோடு வருகின்றன. மீட்டர் கிடைக்காவிட்டால் இன்வெர்ட்டரின் டிஸ்ப்ளேயில் லோட் வாட் காட்டினால் அதுவே போதும். மென்பொருள் காட்டும் வாட்டை மட்டும் நம்ப வேண்டாம், பழைய ஏஎம்டி கம்பெனி கார்டுகளில் அது சிப்பின் வாட்டைத்தான் காட்டும், மெமரியும் மற்றதும் அதில் சேராது.

தலைமுறைகளை எப்படி ஒப்பிடுவது

ஒரு சிப் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பதைத் தீர்மானிக்கிற பெரிய விஷயம் அது எந்த நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது என்பது, எண் சிறிதானால் முறை நுண்ணியது. தயாரிப்பு முறை மாறிய தலைமுறையில் அதே வேகத்துக்கு வாட் சட்டென்று இறங்கும். மாறாத தலைமுறையில் பெரிதாக ஒன்றும் இறங்காது, வேகத்தைக் காட்டுவதற்காக வாட்டை ஏற்றியிருப்பார்கள்.

என்விடியா கம்பெனியைப் பாருங்கள். 2020-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசை சாம்சங்கின் 8 நானோமீட்டரில் செய்தது. 2022-ல் வந்த 40 வரிசை டிஎஸ்எம்சி என்ற சிப் தயாரிப்புக் கம்பெனியின் 4என் என்ற இன்னும் நுண்ணிய முறைக்குத் தாவியது, பெரிய தாவல். பலன் எண்ணிலேயே தெரிகிறது: 3060 கார்டு 170 வாட், அதைவிடக் கொஞ்சம் வேகமான 4060 வெறும் 115 வாட். 3080 கார்டு 320 வாட், கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஓடும் 4070 கார்டு 200 வாட். கரண்டைக் குறைக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல தலைமுறை மாற்றம் சமீபத்தில் வரவில்லை. அடுத்து 2025-ல் 50 வரிசை வந்தது, ஆனால் அதுவும் அதே 4என் குடும்பம்தான். விளைவு என்ன? 4060-ன் 115 வாட் 5060-ல் 145 ஆனது, 4070-ன் 200 வாட் 5070-ல் 250 ஆனது. வேகம் கூடியது உண்மை, ஏறத்தாழ வாட் கூடிய விகிதத்தில்தான் கூடியது. ஒவ்வொரு வாட்டுக்கும் கிடைக்கும் வேகம் என்று பார்த்தால் பெரிய மாற்றம் இல்லை. ஆகவே "50 வரிசை புதுசு, அதனால் சிக்கனம்" என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு ஸ்பெக் ஷீட்டைக் கேளுங்கள்.

ஏஎம்டியில் கதை வேறு வரிசையில் நடந்தது. ஆர்எக்ஸ் 6600 கார்டு 7 நானோமீட்டர், 132 வாட். அதற்கு அடுத்து வந்த 7600 கார்டு 6 நானோமீட்டர், பெயரளவில்தான் முன்னேற்றம், வாட்டோ 165. இங்கே தலைமுறை மாறியும் சிக்கனம் வரவில்லை. 2025-ல் வந்த 9060 எக்ஸ்டி 4 நானோமீட்டர் வகைக்குப் போனது, 16 ஜிபி மாடல் 160 வாட், 8 ஜிபி மாடல் 150. இதை 190 வாட் இழுக்கும் 7600 எக்ஸ்டியோடு வைத்துப் பாருங்கள், வாட் குறைந்து வேகமும் நன்றாகவே கூடியிருக்கிறது. அதாவது என்விடியாவில் 40 வரிசையில் நடந்தது ஏஎம்டியின் இந்த விலை வரிசையில் 9000-ல்தான் நடந்தது. இன்டெல் 2024 டிசம்பரில் கொண்டுவந்த பி580 கார்டு 12 ஜிபி மெமரியோடு 190 வாட், விலைக்கு நல்ல கார்டு, ஆனால் சிக்கனத்துக்காக வாங்கும் கார்டு இல்லை.

இன்னும் பழையது வைத்திருப்பவர்களுக்கு: ஆர்எக்ஸ் 580 கார்டு 185 வாட், ஜிடிஎக்ஸ் 1060 கார்டு 120 வாட். 580 வைத்திருப்பவர் 4060-க்கோ 6600-க்கோ வந்தால் வேகம் ரொம்ப ஏறி வாட்டும் இறங்கும், அதுதான் உண்மையான லாபம். 1060 வைத்திருப்பவருக்கு வாட் குறையாது, ஏறக்குறைய அதே வாட்டில் வேகம் சுமார் இரண்டு மடங்காகும், அவ்வளவுதான்.

ஒரே பெயரில் இரண்டு கார்டு இருப்பதும் உண்டு, உஷாராக இருங்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்று கேட்டால் 8 ஜிபி மாடல் 130 வாட், 2024-ல் வந்த 6 ஜிபி மாடல் 70 வாட். மெமரி மட்டும் குறைவு என்று நினைக்காதீர்கள், சிப்பில் வேலை செய்யும் பகுதிகளும் குறைவு, மெமரிக்குப் போகும் பாதையும் குறுகல், அதனால் வேகமும் குறைவு. ஆனால் நம் தேவைக்கு இந்த 70 வாட் கார்டு வேறு காரணத்துக்காக முக்கியம்.

எந்த வாட் வரிசை யாருக்கு

உங்கள் கம்ப்யூட்டர் ஆபீஸில் கழித்துப்போட்ட டெல் அல்லது ஹெச்பி பெட்டியா, பவர் சப்ளையில் கார்டுக்கான தனி வயரே இல்லையா? அப்படியானால் 75 வாட்டுக்குள் இருக்கும் கார்டு மட்டும்தான் வழி, ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இதில் நான் 3050-ன் 6 ஜிபி மாடலைத்தான் சொல்வேன். ஆர்எக்ஸ் 6400 என்று 53 வாட்டில் ஒன்று இருக்கிறது, பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அது ஸ்லாட்டில் நாலு லேன் (டேட்டா போகும் பாதை) மட்டும்தான் பயன்படுத்தும், பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 மதர்போர்டில் போட்டால் வேகம் இன்னும் விழும், வீடியோ ரெக்கார்டு செய்யும்போது படத்தைச் சுருக்கித் தரும் என்கோடரும் கிடையாது. பெட்டி ஒல்லி வகையா என்று பாருங்கள், ஒல்லி என்றால் உயரம் குறைந்த லோ ப்ரொஃபைல் கார்டுதான் உள்ளே போகும்.

பெரும்பாலான வீடுகளுக்கு 115 முதல் 160 வாட் வரை போதும். 1080பி மானிட்டர், சாதாரண கேம்கள், ஸ்கூல் வேலை, கொஞ்சம் வீடியோ எடிட்டிங் என்றால் 4060 கிடைத்தால் 4060. புதிதாகக் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது, அதனால் 5060 வாங்கி வாட்டை நாமே குறைத்துக்கொள்வதும் சரிதான். வீட்டில் ஏஐ மாடல் ஓட்டிப் பார்க்கும் ஆள் இருந்தால் 8 ஜிபி மெமரி சீக்கிரம் முட்டும், அவருக்கு 9060 எக்ஸ்டி 16 ஜிபி அல்லது 5060 டிஐ 16 ஜிபி, பின்னது 180 வாட். 1440பி மானிட்டருக்கு 200 வாட் 4070 இன்னும் எனக்குப் பிடித்த கார்டு. அதற்கு மேலே 5090 என்று 575 வாட்டில் ஒன்று இருக்கிறது. டிராலி இன்வெர்ட்டர் வைத்திருப்பவர் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கார்டே வேண்டாம் என்பதும் ஒரு வழி. ரைசன் 7 8700ஜி போன்ற ப்ராசசரில் ரேடியான் 780எம் என்ற கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, ப்ராசசர் மொத்தமே 65 வாட் வகுப்பு. இ-ஸ்போர்ட்ஸ் கேம்கள் ஓடும், பெரிய கேம்கள் செட்டிங்கைக் குறைத்தால் ஓடும். கேமிங் லேப்டாப்பும் அப்படித்தான், அதற்குள்ளேயே பேட்டரி இருப்பதால் கரண்ட் போன நொடியில் எதுவும் அணையாது. லேப்டாப்பில் வரும் 4060-க்கு மட்டும் தயாரிப்பாளர் 35 முதல் 115 வாட் வரை எதை வேண்டுமானாலும் வைக்கலாம், அதனால் பெயர் ஒன்றாக இருந்தும் வேகம் ஒன்றாக இருக்காது. எத்தனை வாட் மாடல் என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

சும்மா இருக்கும்போது எவ்வளவு?

கம்ப்யூட்டர் நாள் முழுவதும் ஆனில் இருந்து, கேம் ஒரு மணி நேரம்தான் என்றால் ஐடில் வாட், அதாவது சும்மா இருக்கும்போது இழுக்கும் வாட், முக்கியம். இன்டெல் ஆர்க் கார்டுகள் இதில் கொஞ்சம் பேர்போனவை, பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் திரை) ஏஎஸ்பிஎம் என்ற கரண்ட் சேமிப்பு அமைப்பை ஆன் செய்து விண்டோஸ் பவர் செட்டிங்கிலும் மாற்றினால்தான் ஐடில் இறங்கும். ரீசைசபிள் பார் (ப்ராசசர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரேயடியாக அணுகும் வசதி) இல்லாத பழைய மதர்போர்டில் ஆர்க் போடவே வேண்டாம், வேகம் மோசமாக அடிவாங்கும். எந்தக் கம்பெனி கார்டாக இருந்தாலும் இரண்டு மானிட்டர் மாட்டி, இரண்டும் வேறு வேறு ரிஃப்ரெஷ் ரேட்டில் (நொடிக்கு எத்தனை தடவை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பது) ஓடினால் மெமரி வேகம் இறங்காமல் நின்றுவிடுவதுண்டு. இரண்டையும் ஒரே ரேட்டுக்கு மாற்றி வாட் மீட்டரைப் பாருங்கள், பல நேரம் அங்கேயே 10, 20 வாட் இறங்கும்.

பவர் சப்ளை, யுபிஎஸ், இன்வெர்ட்டர்

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். யுபிஎஸ் பெட்டியில் 1000விஏ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், அது வாட் இல்லை. சின்ன யுபிஎஸ்களில் பெரும்பாலும் அதில் 60 சதவீதம்தான், அதாவது 600 வாட். பின்பக்க ஸ்டிக்கரில் வாட் தனியாக எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். இரண்டாவது, கார்டு எப்போதும் ஒரே சீராக இழுப்பதில்லை. சில மில்லிநொடிகளுக்கு மட்டும் தன் வாட்டைவிட நிறைய இழுத்துவிட்டு இறங்கும், 3080, 3090 கார்டுகள் இதற்குப் பிரசித்தம். மீட்டரில் 450 வாட் என்று காட்டினாலும் 600 வாட் யுபிஎஸ் கேமின் நடுவில் பீப் அடித்து அணைவது இதனால்தான். ஏடிஎக்ஸ் 3.0 என்ற புதிய தர விதிப்படி செய்த பவர் சப்ளைகள் இந்தத் திடீர் உச்சத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை, ஆனால் பவர் சப்ளை தாங்கினாலும் இன்வெர்ட்டர் தாங்க வேண்டுமே.

இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவ் வகையாக, அதாவது சுவர்க் கரண்ட் போலவே சீரான அலையில் கொடுப்பதாக இருக்கட்டும். மலிவு விலை மாடிஃபைட் சைன் வகையில் இன்றைய ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட் இழுப்பதைச் சீராக்கும் சுற்று) கொண்ட பவர் சப்ளைகள் சில நேரம் உறுமும், சில நேரம் அணைந்துவிடும். பவர் சப்ளை 550 வாட்டில் 80 ப்ளஸ் கோல்டு (விரயம் குறைவு என்பதற்கான சான்று) தரம் என்றால் 4060, 5060, 9060 எக்ஸ்டி எல்லாவற்றுக்கும் தாராளம். 850 வாட் பவர் சப்ளை போட்டால் கரண்ட் அதிகம் போகும் என்று ஒரு பயம் சுற்றிக்கொண்டிருக்கிறது, அப்படி இல்லை, உள்ளே இருக்கும் பாகங்கள் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவும் கொஞ்சம் விரயமும்தான் சுவரிலிருந்து போகும்.

கார்டு மாட்டியபின் வாட்டைக் குறைப்பது

சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கமாகவும் ஏறுகிறது. கம்பெனிக்காரர்கள் போட்டியில் ஜெயிக்கக் கடைசி ஐந்து சதவீத வேகத்துக்காக வோல்டேஜை ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்த ஐந்து சதவீதத்தை விட்டுக்கொடுத்தால் வாட் நிறைய இறங்கும்.

செய்ய வேண்டியது சுலபம். முதலில் ஃப்ரேம் ரேட்டுக்கு, அதாவது கார்டு நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதற்கு, வரம்பு வையுங்கள். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் 140 ஃப்ரேம் ஓட்டுவது வீண், என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட்டை 60-ல் வையுங்கள், ஏஎம்டியில் 'ரேடியான் சில்' என்ற வசதி இதே வேலையைச் செய்யும். பழைய கேம்களில் இது ஒன்றிலேயே வாட் பாதிக்கு விழுவதைப் பார்க்கலாம். அப்புறம் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி (போலித் தளங்கள் உண்டு) பவர் லிமிட்டை 100-லிருந்து 80-க்கு இழுத்து டிக் அடியுங்கள். எந்தக் கம்பெனியின் கார்டிலும் ஓடும், சில கார்டுகளில் 80 வரை இறங்க விடாது, எவ்வளவு விடுகிறதோ அவ்வளவு. ஏஎம்டிக்காரர்கள் அட்ரினலின் மென்பொருளிலேயே இதைச் செய்யலாம். லினக்ஸில் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையில் பிஎல் என்ற தேர்வோடு வாட்டை நேராகவே கொடுக்கலாம். 145 வாட் 5060 கார்டு 80 சதவீதத்தில் 116 வாட், அதாவது 4060-ன் வாட்டுக்கு வந்துவிட்டது, வேகத்திலோ சில சதவீதம்தான் இழப்பு. பவர் லிமிட்டைக் குறைப்பதால் கார்டுக்குக் கெடுதல் இல்லை. வோல்டேஜ் கர்வை நேராகத் திருத்தும் அண்டர்வோல்டிங் இன்னும் நல்ல பலன் தரும், ஆனால் புதியவர்கள் முதல் மாதமே அதில் இறங்க வேண்டியதில்லை, தப்பானால் கேம் நடுவில் கிராஷ் ஆகிக்கொண்டிருக்கும்.

எல்லாம் செட் ஆனபின் ஒரு சோதனை. வாரக்கடைசியில் பகலில், எல்லோரும் வேலையை சேவ் செய்தபின், கனமான கேமை ஓடவிட்டு இன்வெர்ட்டருக்குக் கரண்ட் வரும் சுவர் ஸ்விட்சை அணையுங்கள். ஓடுகிறதா, லோட் சதவீதம் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிஜமாகக் கரண்ட் போகும் அன்று தெரிந்துகொள்வதைவிட இது மேல்.

எங்கே, எப்படி வாங்குவது

எவிடெக், வூட்வேர், டேக்அலாட் மூன்றிலும் விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், ஒரே கார்டுக்கு நிறைய வித்தியாசம் இருக்கும். ஓசி என்று பெயரில் சேர்த்த மாடல்கள் கம்பெனியிலேயே வேகம் கூட்டப்பட்டவை, அவற்றில் வாட்டும் கூடுதலாக இருக்கலாம், நம் தேவைக்கு அடிப்படை மாடலே நல்லது, விலையும் குறைவு. இந்தியாவிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. கார்டு வேலை செய்யும், ஆனால் பல கம்பெனிகளின் வாரண்டி வாங்கிய நாட்டோடு நிற்கும், பழுதானால் மறுபடி ஒரு மாமாவைப் பிடிக்க வேண்டியதுதான்.

செகண்ட் ஹேண்ட் என்றால் ஒரு சட்ட விஷயம். 2008-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடையில் வாங்கும் பொருளுக்கு ஆறு மாத உத்தரவாதம் இருக்கிறது, பழுதானால் ரிப்பேரா, மாற்றா, பணமா என்று கேட்கும் உரிமை உங்களுடையது. தன் சொந்தக் கார்டை ஒரு தடவை விற்கும் தனி ஆளிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் அவர் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் மாட்டி அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள், ஃபேன் எல்லாம் சுற்றுகிறதா, திரையில் புள்ளி புள்ளியாக வருகிறதா, ஜிபியு-இசட் என்ற மென்பொருள் காட்டும் பெயரும் மெமரியும் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 3060, 3070, 3080 கார்டுகளில் பல 2021 வாக்கில் கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாக ஓடியவை, மலிவாகக் கிடைத்தால் அது ஒரு காரணமாக இருக்கலாம். அவை எப்படியும் வாட் அதிகம் இழுக்கும் 30 வரிசை, சிக்கனம்தான் நோக்கம் என்றால் அந்த விலை ஆசையை விட்டுவிட்டு பழைய 4060 ஒன்றைத் தேடுங்கள், இல்லையென்றால் ஆர்எக்ஸ் 6600, 132 வாட், சாதாரண 8 பின் வயர் ஒன்று போதும்.